பணி ஆறு

அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தவர்கள்: செகப்பாயி, அவளுக்கு அடுத்த வீட்டு ஆண்டிச்சி, ஏழு வருடமாக ஒருவரோடொருவர் பேசாமலும் ஒரு நாள்கூடத் தனித்தனியாக வராமலும் இருக்கிற ஓரகத்திகள் பூமயிலும் மங்களமும், சூசையம்மாள், மண்வெட்டி கொண்டுவர மறந்த உடையப்பன், டீக்கடையை அரைக்கதவு சாத்திவிட்டு வந்த சந்தனம், வெள்ளத்தாய், அவள் மருமகள் சிட்டம்மா, முத்திருளாயி, சேதுராமு, பேச்சி, அரியநாச்சி, இன்னாசி. பதினான்கு பேர். வருகைப் பதிவு எடுத்த என்னையும் சேர்த்தால் பதினைந்து. ஆண்டிச்சியின் ஆடு ஒன்றும் வந்திருந்தது, அதைச் சேர்க்கவில்லை. இத்தனை பேரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்; செகப்பாயி ஒருத்தி போதும், மற்றவர்கள் பேச வேண்டிய இடத்தில் தாங்களாகவே பேசிவிடுவார்கள்.

ஜூன் மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை. முடுக்கன்குறிச்சிக் கண்மாய்க்குள் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை என்னவென்றால் காய்ந்த கண்மாயில் மண்ணை வெட்டிக் கரையில் போடுவது, மழை பெய்தால் அந்த மண் திரும்பக் கண்மாய்க்குள் இறங்கிவிடும், அடுத்த வருடம் அதையே வெட்டுவது. பதினொன்று பத்துக்குக் குளிர்ந்த காற்று ஒன்று எங்கள் கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலைத் தொட்டது, பிறகு இடுப்பைத் தொட்டது, எல்லாரும் நிமிர்ந்து பார்த்தபோது வடக்குப் பாறையை முழுக்க மூடிக்கொண்டு, மூன்று ஆள் உயரத்துக்கு, உள்ளே மயில்துத்த நீலமும் வெளியே அழுக்கு வெள்ளையுமாகப் பனி நின்றது. எப்போது வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அதன் வால் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போன சேதுராமுவும் இன்னாசியும் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"என்னாதுய்யா அது?" என்றாள் சூசையம்மாள்.

"ஐஸு" என்றான் சந்தனம். இருபத்தாறு வருடம் சர்பத் போட்டவன், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"இம்புட்டையும் யாரு கொண்டாந்து கொட்டுனது?"

"எலெக்சன் வருதுல்ல."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. இதற்காக இன்றைக்கு லீவு உண்டா என்று உடையப்பன் மட்டும் கேட்டான், இல்லை என்றதும் முத்திருளாயியின் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டான்.

பனி நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு முழம், தினமும் பதினொன்று பத்துக்கு, வயதானவர் உட்கார்ந்து எழும்போது முட்டி சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நடந்தது. முன்னால் இருந்த கல்லையெல்லாம் உருட்டிக்கொண்டு, அடியில் இருந்த மண்ணையெல்லாம் சீவிக்கொண்டு, நாங்கள் பதினெட்டு வருடமாக வெட்டியும் வேர் போகாத சீமைக்கருவேல மரங்களை முள்ளங்கி பிடுங்குவதுபோலப் பிடுங்கிக்கொண்டு தெற்கே வந்தது. அது கடந்துபோன பாறையில், தலை வாரிய மாதிரி, நேர் நேராகக் கோடு விழுந்திருந்தது. வெயிலில் ஓரம் கரைந்து ஓடியது, ஓடிய அளவுக்குப் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டது.

ஊருக்கு இதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. குறை என்று வந்தது இரண்டுதான். ஒன்று, தயிர் உறையவில்லை. இரண்டு, மாவு புளிக்கவில்லை. ஆனி மாதத்தில், நடுப்பகலில், தேங்காய் எண்ணெயைச் சீசாவிலிருந்து குச்சியால் தோண்டி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவர்கள், சாயங்காலமானால் மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து மேலக்கோட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் வைத்து, விடிந்ததும் போய்ப் புளித்த மாவை எடுத்துவந்தார்கள், சொந்தம் இல்லாதவர்கள் புதிதாகச் சொந்தம் பிடித்தார்கள், அந்த வகையில் இரண்டு கல்யாணம் பேசி முடிந்தது. பெண்கள் வேலைக்கு வரும்போது சேலைமேல் போட்டுக்கொள்கிற புருசன் சட்டை ஒன்று என்பது இரண்டானது, மூன்றானது, புருசன்மார் சட்டையில்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மீன்காரர் பெட்டியைப் பனிமேல் வைத்துவிட்டுத் தூங்கினார். கொசு போய்விட்டது.

பக்கத்து டவுன் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிற பாக்கியசீலன் என்கிறவர் சுத்தியலோடு வந்தார். மூன்று நாள் தட்டிப் பார்த்துவிட்டு, முப்பது கோடி வருடத்துக்கு முன்னால் இந்த நாடு முழுக்கத் தென்துருவத்துக்குப் பக்கத்தில் கிடந்தது என்றும், அப்போது இங்கே எல்லாம் இப்படித்தான் பனி மூடி இருந்தது என்றும், இப்படி நடக்கிற பனிக்குப் பனி ஆறு என்று பேர் என்றும், மலையை அரைத்து மண்ணாக்கியதும் பள்ளத்தைத் தோண்டியதும் கல்லை ஊர்விட்டு ஊர் தூக்கிக்கொண்டு போனதும் அதுதான் என்றும் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார்.

"அப்பப் பட்டா யாரு பேர்ல இருந்துச்சு சார்?" என்று கேட்டான் சந்தனம்.

அவர் டீயைக் குடித்து முடித்துச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் ஊருக்கு மனம் நிறைந்துவிட்டது. வெளியூர் ஆள் இல்லை, பழைய ஆள்தான், நம் எல்லாருக்கும் முன்னால் இங்கே இருந்தவர், பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு பனியைத் தாண்டிப் போகும்போது பேச்சி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

செகப்பாயிக்கு மட்டும் அது போதவில்லை. ஏனென்றால் பனி போகிற நேர்கோட்டில் அவள் வீடு இருந்தது.

அந்த வீடு கண்மாயின் தெற்கு மேட்டில், புறம்போக்கில் இருக்கிறது. பட்டா கிடையாது. சுவர் மண்சுவர். ஆரம்பத்தில் நாலு பக்கமும் ஓலைத் தட்டிதான், வருடத்துக்கு ஒரு முழ உயரம்கூட இல்லாமல், ஒவ்வொரு கோடையிலும் தானே மண் மிதித்து, தானே உருட்டி வைத்து, தானே தேய்த்து, பதினோரு கோடையில் அவள் சுவரை ஓடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மேட்டை விட்டு இறங்கினால் அவளுக்கு வேறு இடம் இல்லை. பனி வந்த அன்று சாயங்காலம் நான் அளந்தபோது பனியின் முன்கல்லுக்கும் அவள் சுவருக்கும் நடுவே எழுபத்தேழு முழம் இருந்தது.

"அண்ணே, ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே. பனி ஆறு வருதாம், வீடு போயிரும், வேற இடம் குடுங்கன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். பனிக்கு இரண்டு சுழி. நான் மூன்று சுழி போட்டேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்த இடத்தில் எனக்குத் தகராறுதான், அவசரத்தில் கை தானாகச் சுழித்துவிடும். 'பணி ஆறு தினம் ஒரு முழம் வீதம் செகப்பாயியின் வீட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது' என்று போய்விட்டது.

எங்கள் ஊராட்சியில் அதுவரை ஐந்து பணிகள்தான் இருந்தன. இருபத்தோராம் நாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, சந்தனம் டீக்கடையில் சத்தமாக வாசித்தான்: 'பணி ஆறு தொய்வின்றி நடைபெற்று வருவது அறிந்து மகிழ்ச்சி. மேற்படி பணியின் பாதையில் உள்ள ஆக்கிரமிப்பை, பணி வந்து சேரும் நாளுக்குள் சம்பந்தப்பட்டவர் தாமாகவே அகற்றிக்கொள்ள வேண்டும்.'

செகப்பாயி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே பிசகியது என்று நான் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒரே ஒரு சுழியில என் வீட்டைச் சுத்தி வளைச்சிட்டீங்களேண்ணே" என்றாள்.

அடுத்த வாரம் ஓவர்சியர் வந்தார், டேப் பிடித்தார், சந்தோசப்பட்டார். இந்த ஒன்றியத்தில் சொன்ன அளவுக்கு நடக்கிற ஒரே வேலை இதுதான் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிறது என்று நான் சொன்னதும் முகத்தைச் சுளித்து, அது விதிப்படி தவறு, சொல்லிவையுங்கள் என்று பனியைப் பார்த்துக் கையைக் காட்டினார். இரண்டு சுழி போட்டு இன்னொரு மனு எழுதினேன். அதற்கும் பதில் வந்தது: பனி என்று ஒரு இனம் நம் பதிவேட்டில் இல்லை, குளம் இருக்கிறது, வரத்துக்கால் இருக்கிறது, பனி இல்லை, பதிவேட்டில் இல்லாத ஒன்றால் வீட்டுக்குச் சேதம் வர வழியில்லை. இப்படியே நாற்பத்தொரு நாள் போயிற்று. ஜூலை இருபத்தெட்டு, ஞாயிறு சாயங்காலம், அளந்தேன். முப்பத்தாறு முழம்.

மறுநாள் காலையில் ஊராட்சிச் செயலர் அடைக்கலராஜ் ஸ்வெட்டருக்குள் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். மேலிருந்து கேட்டிருக்கிறார்கள்: பணி ஆறில் நாற்பத்தொரு முழம் வேலை முடிந்திருக்கிறது, வருகைப் பதிவில் ஒரு ஆள்கூட இல்லை, செய்தது யார்?

"யாரு செஞ்சா? அது செஞ்சுச்சு" என்றாள் செகப்பாயி. "அது பேரை எழுதுங்க."

"அதுக்கு வேலை அட்டை இல்லக்கா."

"என் அட்டையில சேத்துக்கங்க."

பதினான்கு பேரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றோம். சூசையம்மாள் அன்றைக்கு வரவில்லை.

"ஒரு அட்டைக்கு வருசத்துக்கு நூறு நாளு. அட்டையில ஒருத்தர் இருந்தாலும் நூறு, ஒம்பது பேர் இருந்தாலும் நூறு. அப்படித்தானே தம்பி? முப்பது நாள் நான் பாத்துட்டேன். மிச்சம் எழுவது. நானும் அதுவும் சேந்து வந்தா ஒரு பகல்ல ரெண்டு நாளு கழியும். முப்பத்தஞ்சு பகல்ல அட்டை முடிஞ்சிரும். வீட்டுக்கு முப்பத்தாறு முழம் கெடக்கு." என் பக்கம் திரும்பினாள். "சரியாண்ணே?"

நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சரிதான்.

"அட்டை முடிஞ்சா அது நின்னுருமாக்கும்?" என்றாள் ஆண்டிச்சி.

"நூறு நாள் முடிஞ்சப்புறம் மம்பட்டியத் தொட்ட ஆளை இந்த ஊர்ல நீ பாத்திருக்கியா?"

யாரும் பார்த்ததில்லை. அடைக்கலராஜ் அட்டையையும் பேனாவையும் எடுத்தார், அவருக்கும் யாருடைய பேரையாவது எழுதியாக வேண்டும்.

"பேரு?"

"பனியன்னு போடுங்க" என்றான் உடையப்பன்.

"தொவைச்சுக் காயப்போடவா?" என்றாள் ஆண்டிச்சி. கடைசியில் பனியப்பன் என்று முடிவானது. இரண்டு சுழியா மூன்று சுழியா என்று அடைக்கலராஜ் என்னைப் பார்த்துக் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். வயது முப்பது கோடி, ஆனால் அந்தக் கட்டத்தில் இரண்டு இலக்கம்தான் போகும் என்பதால் தொண்ணூற்றொன்பது.

"ஆதார்?"

"முப்பது கோடி வருசமா இங்கனதான் கெடந்திருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம்?"

"குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?"

செகப்பாயி அட்டையை எட்டிப் பார்த்தாள். அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் புருசன் பூவலிங்கத்தின் பேர் இருந்தது. பூவலிங்கம் பதினேழு வருடத்துக்கு முன்னால் மேலக்கோட்டத்தில் வேறொரு வீட்டுக்குப் போனவர், போனவர் அந்த வீட்டில்தான் இருந்தார், அவர் பேரை அட்டையிலிருந்து எடுக்க வேண்டுமானால் அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு அவரைக் கூப்பிட வேண்டும், அவள் கூப்பிடவில்லை.

"எனக்குத் தம்பின்னு போடுங்க. மகன்னு போட்டா பங்கு கேப்பான். தம்பின்னா ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருவான்."

"அப்பத் தலைவருக்கு மச்சினன்" என்று எழுதினார் அடைக்கலராஜ்.

இப்போதெல்லாம் வருகையை போனில்தான் எடுக்க வேண்டும். போனைப் பனிக்கு நேரே பிடித்தேன். 'கண்களைச் சிமிட்டவும்' என்றது. என்ன செய்வது என்று நாங்கள் நிற்கையில் வெயில் ஏறி நீலத்துக்குள் ஓரிடத்தில் பளிச்சென்று மின்னி அணைந்தது. 'வருகை பதிவு செய்யப்பட்டது' என்றது போன்.

அந்த வாரம் ஆறு நாளும் ஆறு முழம். ஞாயிற்றுக்கிழமை நான் போய் அளந்தேன், நகரவில்லை. பதினொன்று பத்துக்கு மறுபடி அளந்தேன், நகரவில்லை. சாயங்காலமும் அளந்தேன். அதன் பிறகுதான் செகப்பாயியிடம் போய்ச் சொன்னேன், அவள் உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைத் துடைத்தாள். ஆகஸ்டு பதினைந்துக்கும் பனி லீவு எடுத்துக்கொண்டது, ஊராட்சியில் கொடுத்த மிட்டாயில் ஒன்றை அவள் அதன் இடுக்கில் செருகிவிட்டு வந்தாள்.

அவளும் அதுவும் தினம் வேலைக்கு வந்தார்கள். பனி முன்னால் தள்ளுகிற கல்லை விலக்கிப் போடுவது அவள் வேலை, அப்போதுதான் அது நேராக நடக்கும், கோணினால் மேட்டின் அடிமண்ணே சரிந்துவிடும். அது தூக்கிவந்த கல்லெல்லாம் இந்தப் பக்கத்துக் கல் இல்லை. சிவப்புக்கல், பச்சை ஓடிய கல், மாட்டு வண்டி அளவில் வழவழவென்று ஒன்று. மூன்று சட்டை போட்டும் அவள் உதடு வெடித்து விரல் கருத்தது.

"தம்பி என்னா சொல்றான்?" என்று கேலி செய்வார்கள்.

"அக்கா, ஒரு சட்டையக் கழட்டிக் குடேங்கிறான்."

நாலாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆகஸ்டு இருபத்தொன்று, இருபத்திரண்டு. ஆண்டிச்சி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு நாளும் பனி வந்தது, இரண்டு முழம் நடந்தது, பனியப்பனுக்கு மட்டும் வருகை போட்டேன். மூன்றாம் நாள் காதைச் சேலையால் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ரெண்டு நாளாண்ணே?"

"ரெண்டு."

"என் பேருக்கு வேற யாரையும் நிறுத்திப் போட்டோ எடுக்க முடியலையா?"

"முடியாதும்மா."

"உங்களால முடியாது. அதைச் சொல்லுங்க" என்றாள். அதில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது, எது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

செப்டம்பர் ஏழு, சனிக்கிழமை, வேலை முடிந்ததும் எல்லாரும் அவள் வாசலில் கூடிவிட்டோம். கணக்கு இப்படி நின்றது. பனி வந்த நாள் முப்பத்தைந்து, அவள் வந்த நாள் முப்பத்துமூன்று, முன்னால் பார்த்தது முப்பது, மொத்தம் தொண்ணூற்றெட்டு. அட்டையில் இரண்டு நாள் மிச்சம். பனிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் மிச்சம். திங்கட்கிழமை அவளும் பனியும் வந்தால் அட்டை முடியும், ஆனால் அந்த ஒரு முழத்தையும் பனி நடந்துவிடும். கல்சுவர் என்றால் தொட்டு நிற்கட்டும் என்று விடலாம். மண்சுவரில் பனி சாய்ந்து நின்றால் ஒரு வாரத்தில் கரைந்து உட்கார்ந்துவிடும்.

"தம்பிக்கு ஆப்சென்ட் போட்டுருங்க" என்றான் சந்தனம்.

"வந்தவனுக்கு எப்படிப் போடுறது?" என்றேன். தவிர, பேர் எழுதுவதற்கு முன்னால் நாற்பத்தொரு நாள் எந்தப் பதிவும் இல்லாமல் நடந்துவந்ததுதானே அது; பதிவு போடவில்லை என்பதற்காக நிற்காது. நாள் தீர்ந்தால்தான் நிற்கும். அந்த இரண்டு நாளையும் அதைத் தவிர வேறு இரண்டு பேர் எடுத்தாக வேண்டும்.

அட்டையில் மூன்று பேர் இருக்கிறது என்று நான் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

செகப்பாயிக்கு உடனே புரிந்துவிட்டது. "அந்த ஆளு வந்து நின்னுதான் இந்தச் சுவரு நிக்கணும்னா, அது இப்பவே விழட்டும்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பூமயில் மங்களத்தைப் பார்த்து, "அவ சொல்றதும் சரிதானே" என்றாள். ஏழு வருடத்துக்குப் பிறகு பேசியிருக்கிறோம் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பனி ஓய்வில் இருந்தது. செகப்பாயி அந்த ஒரு முழ இடைவெளிக்குள் ஒருக்களித்துப் புகுந்து, முதுகு சுவரிலும் முட்டி பனியிலுமாக வெகுநேரம் குந்தியிருந்தாள். வெளியே வந்தபோது முட்டியில் சேலை நனைந்திருந்தது, முதுகில் சுவரின் மண் ஒட்டியிருந்தது. சாயங்காலம் மாவுச் சட்டியோடு மேலக்கோட்டத்துக்குக் கிளம்பிய ஆண்டிச்சியைக் கூப்பிட்டாள்.

"வரச் சொல்லு. ஒரு நாளு. ஆனா வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லு."

செப்டம்பர் ஒன்பது, திங்கட்கிழமை, ஆறு நாற்பதுக்குப் பூவலிங்கம் சைக்கிளில் வந்தார். போர்வை, அதற்கு மேல் குரங்குக் குல்லா, மூக்கு மட்டும் வெளியே. சொன்னபடி வீட்டுக்கு முதுகு காட்டியே நின்றார், அதனால் பனிக்கு நேரே நிற்கும்படி ஆயிற்று. உறவுமுறை ஊர் முழுக்கத் தெரிந்ததுதான்.

"என்ன மாப்ளே, அக்கா வாசல்ல வந்து இப்படி மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார்.

அரியநாச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். செகப்பாயி காதில் விழாததுபோல மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கினாள்.

போனில் குடும்பத் தலைவர் பேர்தான் முதலில் வரும். குல்லாவைக் கழற்றச் சொன்னேன். 'கண்களைச் சிமிட்டவும்' என்றது. குளிரில் கண் நிறைந்து நிறைந்து வழிந்ததால் அவர் சிமிட்டியது போனுக்குப் பிடிபடவில்லை. துடைத்துக்கொண்டு வந்தார். மறுபடி வழிந்தது. ஐந்தாவது முறைக்குத்தான் எடுத்தது. அடுத்து செகப்பாயி, ஒரே முறை. மூன்றாவதாகப் பனிக்கு நேரே பிடித்தேன். வெயில் மின்னியது. 'இக்குடும்பத்திற்கு நூறு நாட்கள் நிறைவடைந்தன' என்று எழுத்து வந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். பனிக்கும் கேட்கட்டும் என்று இன்னொரு முறை வாசித்தேன்.

வருகை போட்டவர் வேலை செய்தாக வேண்டும், அதில் நான் யாரையும் விட்டதில்லை. சுவருக்கும் பனிக்கும் நடுவே தண்ணீர் தேங்காமல் ஒரு கால் வெட்டிவிட வேண்டும், அதுதான் அன்றைய வேலை. இடம் ஒரு முழம். ஒருவர் கிழக்கு முனையில் இறங்கினார், ஒருத்தி மேற்கு முனையில் இறங்கினாள், இரண்டு பேரும் ஒருக்களித்து வெட்டிக்கொண்டே நடுவை நோக்கி வந்தார்கள். பூவலிங்கம் சொன்ன சொல் மாறாமல் முகத்தைப் பனிக்கும் முதுகைச் சுவருக்கும் வைத்துக்கொண்டிருந்தார். மற்ற பேர் கண்மாய்க்குள் மண்ணை வெட்டுவதுபோல மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் போறப்ப இங்க ஓலைத் தட்டில்ல இருந்துச்சு" என்றது அவர் குரல்.

"வெட்டுற வேலையப் பாரு."

இரண்டு மண்வெட்டியும் நடுவுக்கு இன்னும் ஒரு முழம் நெருங்கின.

"முதுகுல சுவரு வெதுவெதுன்னு இருக்கு. யாரு வச்சது?"

"தட்டி வைக்கத் தெரிஞ்ச ஆளு ஓடிப் போயிட்டாரு. சுவரு வைக்கத் தெரிஞ்ச ஆளு வச்சுச்சு."

"எம்புட்டு நாளாச்சு?"

"பதினோரு கோடை."

அதற்குப் பிறகு கிழக்குப் பக்கத்து மண்வெட்டிச் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

பதினொன்று ஐந்துக்கு எல்லாரும் வெட்டுவதுபோல நடிப்பதையும் விட்டுவிட்டார்கள். ஆடுகூட மேயவில்லை. வெளியே வாருங்கள் என்று நான் கூப்பிட்டேன், இன்னும் ஒரு சாண் மண் இருக்கிறது என்று உள்ளேயிருந்து இரண்டு குரலும் ஒன்றாகச் சொல்லின. பதினொன்று பத்துக்குப் பனிக்குள் அந்தச் சொடுக்குச் சத்தம் எழுந்தது, வடக்கே கண்ணுக்குத் தெரியாத வாலிலிருந்து புறப்பட்டு, கண்மாய் முழுக்க ஓடி, எங்கள் காலடிக்கு வந்து, எழுந்திருக்கப் பார்த்தவர் சரி இருக்கட்டும் என்று திரும்ப உட்கார்ந்துகொண்ட மாதிரி அடங்கியது. நான் ஓடிப்போய் அளந்தேன். ஒரு முழம். தப்பாகப் பிடித்திருக்கலாம் என்று மறுபடி அளந்தேன். ஒரு முழம்.

சூசையம்மாள் குலவையிட்டாள். உடையப்பன், இதற்காவது லீவு உண்டா என்று கேட்டான்.

அதன் பிறகு பனி நகரவே இல்லை. ஐப்பசி மழையில் கரைய ஆரம்பித்துக் கார்த்திகை பாதிக்குள் முழுக்கக் கரைந்து, அது தோண்டிய பள்ளத்திலேயே தண்ணீராகக் கிடந்தது. எங்கள் கண்மாயில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றதை அப்போதுதான் பார்த்தோம், முன்னால் தள்ளிவந்த கல்லும் மண்ணும் மேட்டுக்குக் கீழே ஒரு கரையாகப் படிந்துவிட்டது, நாங்கள் போட்ட எந்தக் கரையையும்விட ஒழுங்காக இருந்தது. தயிர் உறைந்தது. பணி ஆறு முடிவுற்றது என்று ஓவர்சியர் எழுதிக்கொண்டு போனார். அட்டையில் பனியப்பன் பேரை யாரும் அடிக்கவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு வேலை நேரம் முடிந்து, பூவலிங்கம் கிழக்கு முனை வழியாக வெளியே வந்து, வீட்டுப் பக்கம் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்துபோய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போர்வையின் முதுகில் பெரிய வட்டமாகச் சுவரின் மண் ஒட்டியிருந்தது. செகப்பாயி அதைப் பார்த்தாள், தட்டிவிடச் சொல்லவில்லை.

"நாளைக்கு வரட்டுமா?" என்று சைக்கிள் மணியைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு அட்டையில உனக்கு நாளு இல்ல. எனக்கும் இல்ல."

"அப்ப எப்பத்தான் வர்றது?"

அவள் பனி கரைந்து ஓடிய தண்ணீரில் மண்வெட்டியைக் கழுவினாள், காம்பையும் கழுவினாள், கழுவ வேண்டாத இடத்தையும் கழுவினாள்.

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி புதுசா நூறு நாள் விழும். அன்னைக்கி அட்டையில பேரு இருந்தா வந்து கேளு."

"இருக்குமா?"

"அதை முடிவு பண்ண இன்னும் நாள் கெடக்குல்ல."

பூவலிங்கம் என்னைப் பார்த்தார். "எத்தனை நாளுங்க கெடக்கு?" என்று கேட்டார். செகப்பாயியும் என் பக்கம் திரும்பி, மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி, பதிலுக்கு நின்றாள். நான் செப்டம்பரில் மிச்சம் இருந்ததிலிருந்து தொடங்கி, மாதம் மாதமாக விரல் மடக்கி, பிப்ரவரிக்கு இருபத்தெட்டே போட்டு எண்ணிச் சொன்னேன்.

இருநூற்று நான்கு.